பியர்ஸை அனுப்பியது துரோகமா?

2013ஆம் ஆண்டு நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். பாசார் மாலாமில் வாங்கிய பச்சைச் சட்டை ஒன்று அவரிடம் இருந்தது. முதுகில் பியர்ஸ் என்ற பெயரும் 34 என்ற எண்ணும் இருக்கும். ஒரு நாள் பள்ளி முடிந்து வந்தவர், அந்தச் சட்டையைச் சுருட்டி அலமாரியின் அடியில் போட்டுவிட்டு, "வித்துட்டானுங்க" என்றார். யார் யாரை விற்றார்கள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு தேசியப் பள்ளிக்குப் போய், சீன நண்பர்களோடு கூடைப்பந்து ஆடிப் பழகிய பின்புதான் விளங்கியது. விளங்கிய நாள் முதல் எனக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம்தான்.

பால் பியர்ஸ் 1998இல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவில் சேர்ந்து 15 பருவங்கள் அங்கேயே ஆடியவர். 2008இல் அக்குழு வெற்றியாளர் பட்டம் வென்றபோது இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அப்படிப்பட்டவரையும் அவரோடு தோள்கொடுத்த கெவின் கார்னெட்டையும் 2013இல் செல்டிக்ஸ் நிர்வாகம் புரூக்ளின் நெட்ஸ் குழுவிற்கு அனுப்பியது. பதிலுக்குக் கிடைத்தவர்களில் பெரிய ஆட்டக்காரர் எவருமில்லை. ஆனால் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் புதுமுகத் தேர்வில் நெட்ஸின் முதல் சுற்று வாய்ப்புகளும், 2017இல் வாய்ப்பை மாற்றிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன.

இதை விற்பனை என்று அண்ணன் சொல்கிறார். காற்பந்து பார்த்துப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் என்.பி.ஏ. அமைப்பே வேறு. அங்கே தோற்ற குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதில்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், பணம் இருக்கிறது என்பதற்காக விரும்பியவர்களையெல்லாம் வாங்கிக் குவிக்கவும் முடியாது. புதுமுகத் தேர்விலோ மிகவும் மோசமாக ஆடிய குழுக்களுக்கே முதல் இடங்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த அமைப்பில் கடைசி இடம் ஆபத்தானதல்ல. பட்டமும் வெல்லாமல், நல்ல புதுமுகமும் கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொள்வதே ஆபத்து. 2012-13 பருவத்தில் செல்டிக்ஸ் 41 ஆட்டங்களில் வென்று, 40இல் தோற்று, முதல் சுற்றிலேயே வெளியேறியது. அப்போது பியர்ஸுக்கு 35 வயது, கார்னெட்டுக்கு 37. அடுத்த ஆண்டு அவர்கள் மேலும் நன்றாக ஆடுவார்கள் என்று அண்ணனாலும் சொல்ல முடியாது.

இந்த முடிவை எடுத்த டேனி ஏஞ்சின் கதையைத்தான் நான் அண்ணனிடம் அடிக்கடி சொல்வேன். அவர் 1980களில் அதே குழுவில் லேரி பேர்ட், கெவின் மெக்ஹேல் ஆகியோருடன் ஆடியவர். அவர்களுக்கு மதிப்பு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள் என்று குழுத் தலைவர் ரெட் அவர்பேக்கிடம் அன்றே சொன்னதாக ஏஞ்ச் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர்பேக் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1989இல் குழுவைவிட்டு மாற்றப்பட்டவர் ஏஞ்ச்தான்! பேர்டும் மெக்ஹேலும் செல்டிக்ஸிலேயே ஓய்வு பெற்றார்கள். 1986இல் வென்ற குழு அடுத்த பட்டத்துக்கு 22 ஆண்டுகள் காத்திருந்தது. இரண்டு இளம் ஆட்டக்காரர்களின் அகால மரணமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. இருந்தாலும், நன்றிக்கடனுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ஏஞ்ச் நேரில் கண்டவர்.

2013-14இல் செல்டிக்ஸ் 25 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. நெட்ஸோ ஒரே ஒரு சுற்றைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பியர்ஸ் அங்கிருந்து போய்விட்டார். 2016-17இல் நெட்ஸ் 20 வெற்றிகளோடு என்.பி.ஏ.வின் கடைசிக் குழுவானது. அவர்களுடைய தோல்வியெல்லாம் பாஸ்டனின் வரவு. 2016இல் ஜேலன் பிரவுன் வந்தார். 2017இல் கைக்கு வந்த முதல் இடத்தைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 ஜூன் 18, நம் நாட்டில் காலை நேரம். விடுதி அறையில் அமர்ந்து செல்டிக்ஸ் 18ஆவது பட்டத்தை வென்றதைப் பார்த்தேன். இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் பிரவுன்.

எல்லாக் குழுவுக்கும் இப்படி அமைவதில்லை. பிலடெல்பியாவும் திட்டமிட்டே தோற்றது. 2015-16இல் 82 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்றது. ஆனாலும் அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. பழையவரை அனுப்பிவிட்டால் போதும், நல்லது தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். 2012இல் ரே ஆலன் ஒப்பந்தம் முடிந்து, தன் விருப்பப்படி மயாமி குழுவிற்குப் போனார். சக ஆட்டக்காரர்களே அவரைப் பல ஆண்டுகள் மன்னிக்கவில்லை. இரசிகர்கள் துரோகி என்றார்கள். அடுத்த ஆண்டு நிர்வாகம் பியர்ஸை அனுப்பியபோது, அதை மதிநுட்பம் என்று பாராட்டியவர்களும் உண்டு. குழு பிரிந்தால் மதிநுட்பம், ஆட்டக்காரர் பிரிந்தால் துரோகமா? நிர்வாகத்தின் கணக்கை ஏற்றுக்கொள்ளும் நான், ஆலனின் கணக்கையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். அண்ணனாவது இருவரையும் சமமாகத் திட்டினார்!

இதை எழுதுவதற்கு முன் அண்ணனை அழைத்துப் பேசினேன். சட்டங்கள், கணக்குகள், பட்டம் எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அப்ப தாமஸ்?" என்றார்.

ஐசேயா தாமஸ் அந்தக் காத்திருப்பு ஆண்டுகளில் செல்டிக்ஸைத் தூக்கிச் சுமந்தவர். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம்தான். 2017 ஏப்ரலில் தங்கை விபத்தில் இறந்த மறுநாள் களமிறங்கி 33 புள்ளிகள் எடுத்தார். இடுப்புக் காயத்தோடு ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில், நெட்ஸிடமிருந்து வந்த கடைசி வாய்ப்போடு சேர்த்து அவரையும் கிளீவ்லாந்துக்கு அனுப்பி, கைரி இர்விங்கை வாங்கினார்கள். தாமஸ் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இர்விங் இரண்டே ஆண்டுகளில் பாஸ்டனைவிட்டு, அதே நெட்ஸுக்குப் போனார்.

பியர்ஸின் 34ஆம் எண்ணை 2018இல் பாஸ்டன் அரங்கின் கூரையில் ஏற்றி மரியாதை செய்தார்கள். தாமஸுக்கு அப்படி எதுவுமில்லை. அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.