உறவினர் வயலும் நம் விடுமுறையும்

விடுமுறை நாளில் ஊருக்குச் சென்று, பாட்டனார் நிலத்தில் உறவினரோடு சின்னாள் தங்கி வருதல் நம் மாணவரிடைப் பெரிதும் காணப்படும் வழக்கம். அவ்வழக்கத்தைக் குறை கூற யான் வந்தேனல்லேன். ஆயின், நாம் அங்குச் செல்லும் காலமும், அங்கு இருக்கும் இருப்பும் மாறுதல் வேண்டும் என்பது என் துணிபு.

காலத்தை முதற்கண் நோக்குவோம். தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளைதலை இப்பக்கத்தார் யாவரும் அறிவர். பிசானத்துக்கு ஐப்பசியை ஒட்டி நாற்றுப் பாவிக் கார்த்திகையில் நட்டு, மாசி பங்குனியில் அறுப்பர். நமக்கோ கிறிஸ்துமஸ் விடுமுறை மார்கழியில்; கோடை விடுமுறை சித்திரை வைகாசியில். மார்கழியிற் செல்வார் காண்பது பச்சைப் பயிர். சித்திரையிற் செல்வார் காண்பது வெடித்த நிலமும் வைக்கோற்போரும். நடுகையும் அறுப்பும் நாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் போதே முடிந்துவிடுகின்றன. கார்ப் பயிரின் கதையும் அதுவே. ஆண்டுதோறும் ஊருக்குச் சென்றும் ஒரு முடி நாற்றைக் கையால் தொடாத மாணவர் நம்முள் எத்துணைப் பேர்! நாடகத்தின் இடைவேளையில் மட்டும் கொட்டகையுட் புகுந்து திரும்புவாரை ஒப்பர் இவர்.

இனி, இருப்பைக் காண்போம். நாம் சென்ற அன்றே கோழி அறுபடும். அத்தை அடுக்களையை விட்டு வெளிவரார். சிற்றப்பா மடை திறக்க விடியுமுன் புறப்படுவார், நம்மை எழுப்பார். "படிக்கிற பிள்ளைகள், உறங்கட்டும்" என்பார். எல்லாம் அன்பினாற் செய்வதே. அவ்வன்பே நம்மை அந்நிலத்துக்கு அயலாராக்கி விடுகின்றது. கடைமடை வயலுக்கு நீர் இரவில்தான் வந்து சேரும் காலமுண்டு. மண்வெட்டியும் டார்ச்சு விளக்கும் கொண்டு, வரப்பின்மேல் அவரோடு ஓரிரவு விழித்திருந்தேன். நெல் விற்ற விலை, உரக்கடையிற் பட்ட கடன், மேல்மடைக்காரரோடு மனம் நோகாமற் பேசி நீர் பெறும் நயம் ஆகிய இவற்றை மூன்று கிறிஸ்துமஸ் விருந்துகளில் அறியாத யான் அவ்வோரிரவில் அறிந்தேன்.

தமிழ் பயில்வார்க்கு இதிற் பிறிதொரு பயனும் உண்டு. முக்கூடற்பள்ளு நம் சீவலப்பேரிப் பக்கத்தைப் பாடும் நூல்; நெல்வகையும் மாட்டுவகையும் அதில் அடுக்கடுக்காய் வரும். அவற்றை உரையின் துணைகொண்டு நெட்டுருச் செய்கின்றோம். தொளி, பரம்பு, பொலி என்னும் சொற்களுக்கு அகராதியைப் புரட்டுகின்றோம். எந்நூலும் கல்லாத என் அத்தைக்கு அவை நாவில் வழங்கும் சொற்கள். ஆயினும் அறுவடை இயந்திரம் வந்தபின் சூடடித்தலும் பொலி தூற்றுதலும் எங்கள் களத்தில் நிகழ்வதில்லை. பொலி என்ற சொல் அவர் தலைமுறையோடு நின்றுவிடும் போலும்.

உறவினர் நிலம் என்கின்றோம். ஆங்கு நாற்று நடும் கை பெரும்பாலும் நம் உறவினருடையதன்று, கூலிக்கு வரும் பெண்களுடையது. முதுகு வளைத்துச் சேற்றில் நிற்கும் அவர்களை வரப்பின்மேல் நின்று கைபேசியிற் படம்பிடித்து வருதல் எனக்கு உடன்பாடன்று. நாட்டுப்புற இன்பத்தை ஏட்டிற் புகழ்வார் அரைநாளேனும் அவர் பக்கத்தில் நின்று நட்டுப் பார்ப்பாராயின் புகழ்ச்சி சற்றுக் குறையும்.

பட்டம் பெற்று நகரில் அலுவலுக்குச் செல்லவிருப்பார்க்கு இவையெல்லாம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அந்நிலத்தின் முடிவு நம் கையில் வரவிருக்கின்றது என்பதே என் விடை. கிறிஸ்தவர்க்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்தவர் சொத்தில் ஆண்மக்களும் பெண்மக்களும் ஒத்த பங்கினர். ஆதலின், பாட்டனார் நிலம் சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் பேரர் பலரது கையொப்பத்தை எதிர்நோக்கும் நாள் வரும். அன்று தரகர் ஒரு விலை சொல்வார். சென்டுக்கு இவ்வளவு என்று நாம் பெருக்கிப் பார்ப்போம். ஊரிலேயே இருந்து ஆண்டெல்லாம் அதனைக் காத்த சிற்றப்பாவின் உழைப்பு அக்கணக்கில் எவ்விடத்து வரும்? விற்றலே தகாது என யான் கூறேன். கடனும் நோயும் வந்துழி விற்றுத்தான் தீரல் வேண்டும். மடை எது, வரப்பு எது என்றும் அறியாதார் அம்முடிவைச் செய்தலையே யான் அஞ்சுகின்றேன்.

கிறிஸ்துமஸ் விருந்தை விடல் வேண்டா. அதனோடு கார்த்திகையில் ஒரு சனி ஞாயிறும், மாசியில் ஒரு சனி ஞாயிறும் ஊருக்குச் செல்க. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய ஊரினர் நம்முட் பலர். கோழி அறுக்க வேண்டா என்று அத்தைக்கு முன்னரே சொல்லிவிடுக. அவர் கேளார், ஆயினும் சொல்லுக. விடியலில் எழுப்புமாறு சிற்றப்பாவிடம் இரவே கேட்டு வைத்துக்கொள்க. ஞாயிறு ஆராதனைக்கு மணியடிக்குமுன் மடையை அடைத்துக் கைகால் கழுவித் திரும்பிவிடலாம்.