வெயிலூருக்கு ஒரு ஸ்வெட்டர்

பெட்டி கட்டுவது எப்படி என்று எங்கள் அக்காவிடம்தான் பாடம் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பெல்லாம், இரண்டு நாள் திருச்சிக்குப் போய் வருவதென்றாலும் ஒரு வாரம் முன்னதாகவே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். சோப்புப் பெட்டியிலிருந்து ஊக்கு வரை எழுதிக்கொண்டு, வைத்த சாமானுக்கு எதிரே ஒரு 'டிக்' போடுவாள். இப்போது அமெரிக்காவில், மின்னியாபொலிஸ் நகரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். காகிதம் போய் செல்போன் வந்திருக்கிறதே தவிர, பட்டியல் போகவில்லை. அப்பேர்ப்பட்டவள் கட்டிய பெட்டியில் ஒரு ஸ்வெட்டர் விட்டுப் போய்விட்டது! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், டிசம்பர் கடைசியில், அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "குளிர் நாளில் போவார்களா?" என்று கேட்காதவர்கள் கிடையாது. என்ன செய்வது, எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். மின்னியாபொலிஸில் ஜனவரி மாதத்து இரவு என்றால், சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி. பகலிலும் பெரும்பாலான நாட்கள் பூஜ்யத்தைத் தாண்டுவதில்லை. வாசலில் குப்பையைப் போட்டுவிட்டு வருவதற்குக்கூட, போருக்குப் போகும் சிப்பாய் மாதிரி கவசம் தரித்தாக வேண்டும். புடவைக்கு மேல் அக்காவின் நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு, கம்பளிக் குல்லாயும் பூட்ஸுமாக அம்மா நின்ற கோலத்தைப் பார்த்து, ஆறு வயதுப் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜனவரியில் மூன்றாவது திங்கட்கிழமை அந்த நாட்டில் மார்ட்டின் லூதர் கிங் நினைவாக விடுமுறை. பொங்கல் முடிந்த கையோடு அது வந்தது. அதோடு இரண்டு நாள் சேர்த்து லீவு போட்டு, எல்லாருக்குமாக ஃப்ளோரிடாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார் அத்தான். ஒர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் 1971-ல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பீர்களே! பனியில் அடைபட்டுக் கிடக்கிற வடபகுதி அமெரிக்கர்கள், குஞ்சும் குளுவானுமாக வெயில் காயப் போகிற இடம் அது. விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரப் பிரயாணம்.

பெட்டி கட்டும் ராத்திரி வந்தது.

"ஏண்டி, அங்கேயும் குளிருமா?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லேம்மா. நம்ம ஊர் மாதிரிதான். இந்த மூட்டையெல்லாம் உனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்வெட்டர், காலுறை, குல்லாய் அத்தனையையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, நான்கு நூல் புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நம்ம ஊர் மாதிரி" என்ற அந்த வார்த்தையில்தான் வினை இருந்தது. ஒர்லாண்டோவில் ஜனவரி மாதப் பகல் சராசரியாக 22 டிகிரி. விடியற்காலை 10 டிகிரி. பத்து வருஷமாகப் பனியில் நடந்து பழகிய அக்காவுக்குப் பத்து டிகிரி என்றால் வசந்த காலம். சென்னையிலோ, ஜனவரி விடியற்காலை 20 டிகிரிக்குக் கொஞ்சம் குறைந்தாலே நாம் போர்வையைத் தேடுகிறோம். அக்கா 'வெயில்' என்று சொன்ன ஊர், அம்மாவின் உடம்புக்குக் கொடைக்கானல்!

அதுவும் சராசரிக் கணக்குத்தான். அந்தக் கணக்கைக் காற்று எப்போதும் மதிப்பதில்லை. நமக்கு வடக்கே இமயமலை மதில் சுவராக நின்று, மத்திய ஆசியாவின் குளிரைத் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் பெரிய மலைத்தொடர்களோ வடக்குத் தெற்காக ஓடுகின்றன. குறுக்கே சுவர் கிடையாது. கானடாப் பக்கத்திலிருந்து புறப்படும் குளிர்காற்று, சமவெளியில் தங்குதடையின்றி வழுக்கிக்கொண்டு ஃப்ளோரிடா வரை வந்துவிடும். 1977 ஜனவரி 19-ந் தேதி, மயாமியில்கூடப் பனித் தூவல் விழுந்தது. 1980-களில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில், முக்கியமாக 1983, 1985, 1989 ஆகிய வருஷங்களில், ஒர்லாண்டோவைச் சுற்றியிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகிப் போயின. வெயிலுக்குப் பேர் போன ஊர் என்பதற்காகக் குளிர் அங்கே லீவு எடுத்துக்கொள்வதில்லை.

அக்கா ஏதோ அஜாக்கிரதையாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாயே வெடித்துவிடக்கூடும் என்பதற்காக, தண்ணீர் வரும் பெரிய குழாயை மூடினாள். வீட்டுச் சூட்டை அடியோடு அணைக்காமல் 13 டிகிரிக்குக் குறைத்து வைத்தாள். காரில் குழந்தையை உட்கார வைத்தபோது, தடிமனான கோட்டைக் கழற்றிவிட்டே வாரைப் பூட்டி, கோட்டைப் போர்வை மாதிரி மேலே போர்த்தினாள். கோட்டோடு பூட்டினால் வார் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். விபத்து நேர்ந்தால் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடுமாம். விமான நிலைய வாசலில் எங்களை இறக்கிவிட்டு, ஐந்து கோட்டுகளையும் வாங்கிக் காருக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டு, அத்தான் வெறும் ஜாக்கெட்டோடு ஓடி வந்தார். பெட்டியில் பாதி இடம் மிச்சம். திரும்பி வந்து இறங்குகிற ராத்திரிக்கும் கவலை இல்லை. இத்தனையும் அக்காவின் ஏற்பாடு!

முதல் நாள் ஒர்லாண்டோவில் ஜம்மென்று வெயில். அம்மா நூல் புடவையில் விசிறிக்கொண்டே நடந்தாள். "நம்ம ஊர் மாதிரியேதான் இருக்குடி" என்று அக்காவுக்கு சர்டிபிகேட் வேறு கொடுத்தாள். அன்று ராத்திரி ஒரு மழை பெய்தது. பின்னாலேயே வடக்கிலிருந்து காற்று அடித்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, ஹோட்டல் வாசலில் பஸ்ஸுக்காக நின்றோம். நான்கு டிகிரி என்று அத்தான் செல்போனைப் பார்த்துச் சொன்னார். குழந்தை கழுத்து வரை ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா, அத்தான், நான் மூவரும் அவரவர் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தோம். அம்மா புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கைகளை அதற்குள் மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றாள். நான் பார்த்தேன். பார்த்தும், கோயிலில் நிற்கிற மாதிரி வழக்கமாகப் போர்த்தியிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

வாசலில் வரிசையில் நிற்கும்போது, பேத்தி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பாட்டி, உன் கை ஏன் ஐஸ் மாதிரி இருக்கு?"

எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. அக்கா செல்போனை எடுத்து அந்தப் பட்டியலைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு ஜாபிதா. குழந்தைக்கு முப்பது சாமான்கள். எனக்குக்கூட 'ஜாக்கெட்' என்று எழுதி 'டிக்' போட்டிருந்தது. அம்மாவின் பெயருக்குக் கீழே மூன்றே மூன்று: ரத்த அழுத்த மாத்திரை, மூக்குக் கண்ணாடி, ஊறுகாய்.

"ஏம்மா சொல்லலே?" என்றாள் அக்கா. குரல் கம்மிவிட்டது.

"குழந்தை எத்தனை ஆசையாக் கிளம்பியிருக்கு! எனக்குக் குளிருதுன்னா, ரூமுக்குத் திரும்பலாம்னு சொல்லுவீங்க. மத்தியானம் வெயில் வந்துடும்னு இருந்தேன்" என்றாள் அம்மா.

உள்ளே நுழைந்ததும் முதல் கடையில் புகுந்து, மிக்கி எலி முகம் போட்ட ஒரு தடித்த சட்டையும், இரண்டு ஜோடி காலுறையும் வாங்கினோம். விலைச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தாள் அக்கா. டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால், அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுவாளே! நூல் புடவைக்கு மேல் எலிச் சட்டையோடு அம்மா நடந்து வந்தாள். பேத்திக்கு ஏகப் பெருமை.

குளிர் நாளில் வெயிலூருக்குக் கிளம்புகிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சராசரியை நம்பாதீர்கள், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். அதிலும் பகல் சூட்டைவிட விடியற்காலைச் சூட்டையே முக்கியமாகக் கவனியுங்கள். ஒரே தடிக் கோட்டைக் காட்டிலும் மூன்று மெல்லிய உடைகள் மேல்: உள்ளே பருத்தி, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேலே காற்றும் தூறலும் புகாத மேலங்கி. காலையில் மூன்றையும் போட்டு, பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றி, சாயங்காலம் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். கழற்றியதைச் சுமக்க முதுகுப் பை ஒன்று அவசியம். நாள் முழுதும் நடக்க வேண்டியிருப்பதால், புதுச் செருப்பை அன்றைக்கென்று எடுக்காதீர்கள். தண்ணீரில் பாயும் படகுகளில் ஏறுகிறவர்களுக்கு மாற்றுக் காலுறை வேண்டும். புடவை கட்டுகிறவர்கள், காலை ஒட்டிய கம்பளிக் கால்சட்டை ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும். மெட்டி போட்ட காலுக்கு, கட்டைவிரல் பிரிந்த காலுறை சௌகரியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பட்டியல் எழுதும்போது, வாய் திறந்து கேட்காதவர் யாரோ, அவர் பெயரை முதலில் எழுதுங்கள். குழந்தைகள் குளிர்ந்தால் அழுதுவிடுவார்கள். கணவன்மார்கள் சத்தம் போட்டுவிடுவார்கள். தலைப்பைப் போர்த்திக்கொண்டு சிரிக்கிறவர்களைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

அந்தச் சட்டை இப்போது சென்னையில் இருக்கிறது. மார்கழி விடியலில் அதைப் போட்டுக்கொண்டுதான் அம்மா வாசலில் கோலம் போடுகிறாள். கோலம் முடிந்து உள்ளே வந்ததும், அதை மடித்து வைத்துக்கொண்டே, "இது என்ன விலைடி?" என்று கேட்பாள்.

இன்று வரை நாங்கள் சொல்லவில்லை.