வீடும் நாமும்: தாத்தா உட்கார்ந்த தோல் நாற்காலி



போன மாதம் கண்டனூருக்குப் போயிருந்தேன். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள ஊர். என் சிநேகிதி அங்கே வாழ்க்கைப்பட்டவள். குடித்தனம் சென்னையில்தான், ஆனாலும் படைப்பு என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் ஊரில் கூடிவிடுவார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வீடு, அந்த இரண்டு நாளும் கலகலவென்று இருக்கும்.

படைப்பு முடிந்த மறுநாள் காலை. வளவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சிநேகிதியின் மகள் ஒரு கிண்ணம் நிறையத் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு மாடி ஹாலுக்குக் கிளம்பினாள்.

“எங்கேயம்மா, எண்ணெய்க் குளியல் யாருக்கு?” என்று கேட்டேன்.

“பாட்டையா நாற்காலிக்கு, அத்தை. தோலெல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது. எண்ணெய் போட்டால் பளபளவென்று ஆகிவிடுமாம்.”

காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் என் தகப்பனாருடைய தோல் நாற்காலிக்கு நானும் இதே தேங்காய் எண்ணெயைத்தான் தடவினேன். முதல் நாள் பிரமாதமாக இருந்தது. ஒரு வாரத்தில் தோல் கறுத்தது. ஒரு மாதத்தில் பிசுபிசுவென்று தூசியையெல்லாம் இழுத்துக்கொண்டது. பிறகு சிக்கு வாடை வந்தது. வாடையைத் தேடிக்கொண்டு கரப்பானும் வந்தது. கடைசியில் அதை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் போயிற்று. அப்பாவின் ஞாபகமாக இருந்த ஒரே நாற்காலியை, அன்பு செய்கிறேன் என்று நானே பாழாக்கினேன். சமையல் எண்ணெய் எதுவாயிருந்தாலும் இதே கதைதான். ஆலிவ் எண்ணெயாகவே இருக்கட்டும், தோலுக்குள் போன எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் விடாது.

மாடி ஹாலில் மூன்று உருப்படிகள் இருந்தன: இரண்டு ஸோபா, ஒரு கை வைத்த பெரிய நாற்காலி. நாற்காலி பர்மா தேக்கு. உட்காருமிடமும் முதுகும் கைகளும் தோல். ஓரமெல்லாம் வரிசையாகப் பித்தளைக் குமிழ் ஆணிகள். ஆச்சி, அதாவது சிநேகிதியின் மாமியார், படியேறி வந்து பக்கத்தில் நின்றார். வயது எண்பத்து நாலு.

“என் மாமனார் உட்கார்ந்தது” என்றார். “ரங்கூனிலே குண்டு விழுந்த வருஷம், 1941 கடைசியிலே, எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தவுக. நான் கல்யாணமாகி வந்தப்பவும், பர்மாவிலேயிருந்து தபால் வருமான்னு தினம் காலையிலே இதிலேதான் உட்கார்ந்திருப்பாக. அந்தக் குழி அவுக உட்கார்ந்த குழி.”

கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் 1930களின் முடிவில் செட்டிநாட்டார் கைக்கு வந்திருந்தது. யுத்தமும், 1948இல் பர்மா கொண்டுவந்த நில நாட்டுடைமைச் சட்டமும் அதையெல்லாம் கொண்டுபோயின. இந்த வீட்டுக்கு அதில் மிஞ்சியது, தபாலுக்காகக் காத்திருந்தவர் உட்கார்ந்த இந்தக் குழிதான்.

அதற்கும் ஆபத்து வந்திருந்தது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் உண்டு. மூன்றையும் அங்கே கொடுத்துவிடலாம் என்று பங்காளிகளில் ஒருவர் சொன்னார். தோலையெல்லாம் உரித்துவிட்டு ரெக்ஸின் போட்டுப் பத்தே நாளில் புதுசாக்கிவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

“அதற்குள் என்ன செய்ய முடியும், பாருங்கள்” என்றாள் சிநேகிதி. பார்த்தோம். நாங்கள் பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன்; உங்கள் வீட்டிலும் ஒரு பழைய தோல் ஸோபாவாவது, அலுவலக நாற்காலியாவது இருக்குமல்லவா?

முதலில், இது தோல்தானா?

ஸோபாவைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மடித்து ஆணி அடித்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள். தோலின் பின்புறம் பஞ்சுபோல நார் நாராக இருக்கும். துணி நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின். சிலர் நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வேலையே வேண்டாம்.

எங்கள் முதல் ஸோபாவைக் கவிழ்த்தால், ரெக்ஸின்! இத்தனை வருஷமாகத் தோல் என்று எல்லோரும் மரியாதை செய்தது அதற்குத்தான். ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் சரக்குப் பெயர்; துணியின்மேல் பூச்சுப் பூசியது. பூச்சு உரிய ஆரம்பித்தால் எந்தக் களிம்பும் அதை ஒட்டவைக்காது. அதற்கு மாற்றுத் துணி போடுவதுதான் வைத்தியம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, வெள்ளைத் துணிப் பரீட்சை

காய்ந்த வெள்ளைத் துணியால் தோலை லேசாகத் தடவுங்கள். துணியில் வெறும் தூசி வந்தால் சரி. செங்கல் பொடிபோலச் சிவப்பாக வந்தால் அங்கேயே கையை நிறுத்துங்கள். தண்ணீர், எண்ணெய், களிம்பு எதுவும் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது ஸோபாவில் தூசிதான் வந்தது. நிஜத் தோல், வறண்டிருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது. கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தோம். முத்துப்போல நின்றது. அப்படி நின்றால் மேலே காப்புப் பூச்சு இருக்கிறதென்று அர்த்தம். ஈரத் துணியால் துடைக்கலாம். சொட்டு உடனே உள்ளே இறங்கிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதை ஈரம் படாமல் காய்ந்த துணியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் விதம்

மெத்தென்ற பிரஷ்ஷால் மடிப்பு, தையல் இடுக்குகளிலுள்ள தூசியைத் தட்டுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் மல் துணியைக் கட்டி, தோலில் படாமல் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்து, சொட்டுக்கூட வராமல் பிழிந்து துடையுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு தோலில் வெள்ளையாகப் பூக்கும். ஒரு கை அகலம் துடைத்ததும் காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

சோப்புத் தூள், சோடா, சீயக்காய், எலுமிச்சை, வினிகர், ஸ்பிரிட் இவற்றில் எதுவும் தோலுக்கு ஆகாது. எண்ணெய் சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, முகப் பவுடரைத் தூவி இராத்திரி முழுக்க வைத்துக் காலையில் தட்டிவிடுங்கள். பேனா மைக்கறையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்கப் பரவும்.

காய்ந்தபின், தோலுக்கென்றே விற்கும் நிறமில்லாத களிம்பை மறைவான ஓரத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மற்ற இடமெல்லாம் மிக மெல்லியதாகத் தடவி, சற்று நேரம் விட்டுத் துடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். பூட்ஸ் பாலிஷ் வேண்டாம்; நாற்காலிக்கு வரும் அழகைவிட உட்காருகிறவரின் வேஷ்டிக்கு வரும் கறைதான் அதிகம்.

கிழிசல் இருந்தால் மேலே ஒட்டுப் போடாதீர்கள். கிழிசலுக்குள்ளே, தோலுக்கு அடியில், அதைவிடப் பெரிய பருத்தித் துணித் துண்டைச் செருகி, காய்ந்தபின்னும் நெகிழ்ந்து கொடுக்கும் பசையால் ஒட்டுங்கள். விட்ட தையலைப் பழைய துளைகளிலேயே போடச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் தபால் தலை ஓரம்போல அந்த இடமே கிழிந்துவரும். உட்காருமிடம் தொய்ந்திருந்தால் தோல் கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். பல வேளைகளில் கெட்டுப்போயிருப்பது அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கும் நாடாதான். தோலைத் தொடாமலே அடிவழியாக அதை மாற்றலாம்.

குமிழ் ஆணியும் வாழைப்பூவும்

பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாக மெழுகுபோலக் கட்டியிருக்கும். தோலிலுள்ள கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உண்டாவது அது. மூங்கில் குச்சியால் மெள்ளச் சுரண்டி எடுங்கள். புளியும் பித்தளை பாலிஷும் பாத்திரத்தோடு இருக்கட்டும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால் அது அழுக்கல்ல, தேய்த்துப் போகாது. இரும்பு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கினால் கறுக்கிறதே, அதே சங்கதி: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பட்டையில் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்பு இருக்கிறது.

பெரிய நாற்காலியின் கதை

இப்போது ஆச்சியின் மாமனார் நாற்காலிக்கு வருகிறேன். குழி விழுந்த இடத்திலும் முதுகிலும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. இரண்டு கைகளிலும் தடவியபோதோ, துணியெல்லாம் சிவப்புப் பொடி.

தோலைப் பேணுகிறவர்கள் இதைச் செவ்வழுகல் என்று சொல்லலாம். கரும்புக்கு வருவது வேறு, இது வேறு. நம் பக்கத்தில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில்தான் தோலைப் பதனிட்டார்கள். நிறம் சிவக்காமலிருக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரும் காட்டுவார்கள். 1912இல் பல்லாவரம் பக்கத்தில் ஆரம்பித்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் குரோம்பேட்டை உண்டானது. குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு இந்த வியாதி வருவதில்லை. பட்டையில் பதனிட்ட தோலோ, கரிப்புகையிலுள்ள கந்தக வாயுவைப் பல வருஷம் குடித்துக் குடித்து உள்ளேயே அமிலமாகி, கடைசியில் நார் நாராக உதிர்ந்துவிடும். ஆவாரம்பட்டை ஜாதித் துவர்ப்புக்கு இது சீக்கிரம் வரும். இங்கிலாந்தில் தோல் அட்டைப் புத்தகங்கள் இப்படி உதிர்வதைக் கண்டு 1900இலேயே ஒரு கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள்.

உதிர்ந்த தோல் திரும்பாது. தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துப்போகும். எண்ணெய் பட்டால் சேறாகும். தண்ணீர் கலக்காமல் ஆல்கஹாலில் கரைத்த ஒரு பசையைப் பூசிப் பொடியை நிறுத்திவைக்கலாம். அது பழகிய கைகள் செய்ய வேண்டியது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய இரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. 1948இல் நிறுவிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. யாரிடம் போகலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

இதையெல்லாம் சாயங்காலம் முகப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் சொன்னேன். ரெக்ஸின் ஸோபாவுக்குப் புதுத் துணி போடுவது, நல்ல ஸோபா சென்னைக்குப் போவது, இரண்டும் சுலபமாக முடிவாகிவிட்டன. நாற்காலி என்றதும் யாரும் பேசவில்லை.

“அதுக்கு வைத்தியமே இல்லையா?” என்று ஆச்சி கேட்டார்.

“பழையபடி ஆக்க முடியாது ஆச்சி. இனிமேல் கெடாமல் வைத்திருக்கலாம். உட்காரத்தான் கூடாது.”

ஆச்சி சற்று யோசித்தார். “அவுக போனதுக்கப்புறம் அதிலே யாரு உட்கார்ந்தா? உட்காராட்டிப் போகுது. பேரப்புள்ளைக பார்க்கட்டும். தோலை உரிச்சா அந்தக் குழியுமில்லே போயிரும்!”

விற்கலாம் என்று சொன்னவரே எழுந்துபோய், வெயில் விழும் ஜன்னலடியிலிருந்து நாற்காலியை உள் சுவரோரம் மாற்ற ஆள் கூப்பிட்டார். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடிச்சட்டத்தைப் பிடியுங்கள் என்று நான் கத்தவேண்டியிருந்தது!

பூட்டிவைக்கும் வீடுகளுக்கு

தோலுக்கு வெயிலும் பகை, அடைத்த ஈரமும் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டில் பூஞ்சணம் பூக்கும். அப்படிக் கண்டால், உறுதியான தோலானால் வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, துவைத்த பழைய பருத்திப் புடைவையால் மூடுங்கள். மாதம் ஒரு தடவையாவது ஜன்னலைத் திறந்துவிட யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

சிநேகிதியின் மகள் கிண்ணத்திலிருந்த எண்ணெயை வீணாக்கவில்லை. அப்பத்தா தலையில் வைத்துத் தேய்த்துவிட்டாள். நாற்காலியை மூட ஆச்சி தம்முடைய கண்டாங்கிச் சேலை ஒன்றையே பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்தார்.

அடுத்த வாரம், பூச்சி அரித்த பட்டுப் புடைவையைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் உங்கள் வீட்டு நாற்காலியை ஒரு வெள்ளைத் துணியால் தடவிப் பார்த்துவிடுங்கள்.