மூன்று நாளும் ஒரு தலைநகரும்

"எத்தனை இடம் பார்த்தீங்க?"

வெளிநாடு போய் வந்தவரிடம் நம் விடுதியில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதினாறு என்றால் மரியாதை. நான்கு என்றால், "இதுக்கா பிளேன் ஏறிப் போனீங்க?" என்று சிரிப்பார்கள். சென்ற தவணை விடுமுறையில் வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மூன்று நாள் போய் வந்த எனக்கு அந்தச் சிரிப்புதான் கிடைத்தது. ஆயினும் சொல்கிறேன்: குறுகிய பயணம் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களில் பாதியைத் தெரிந்தே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இது நூல்களைப் படித்து வந்த ஞானமன்று. முதல் நாள் பட்ட பாட்டில் வந்தது.

நாங்கள் நால்வர். டியூஷன் சொல்லிக் கொடுத்தும், பகுதிநேர வேலை செய்தும் சேர்த்த பணம். கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல்தான் பயணம்; நமக்கு விசாவும் வேண்டியதில்லை. பட்டியல் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நாளுக்குப் பதினான்கு இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு வேறு குறித்திருந்தேன். என் தேர்வுக்குக்கூட அப்படி அட்டவணை போட்டுப் படித்ததில்லை.

முதல் நாள் திங்கட்கிழமை. காலையில் ஹோ சி மின் நினைவிடத்திற்குப் போனோம். மூடியிருந்தது. திங்களும் வெள்ளியும் அங்கு அனுமதி இல்லை. மற்ற நாள்களிலும் காலையில் மட்டுந்தான். அங்கிருந்து இனவியல் அருங்காட்சியகத்திற்கு ஓடினோம். அதற்கும் திங்கள் விடுமுறை. நிமிடக் கணக்குப் போட்டவள் கிழமையைப் பார்க்கவில்லை! மதியம் பழைய நகர்ப்பகுதிக்கு வந்தால், மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் சாலையைக் கடக்கத் தெரியாமல் கால் மணி நேரம் நின்றோம். (ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது, ஒரே சீராக மெதுவாக நடந்தால் அவர்களே நம்மைச் சுற்றிப் போய்விடுகிறார்கள். இதை ஒரு பாட்டி எங்களைக் கைபிடித்து அழைத்துப் போய்க் கற்றுக் கொடுத்தார்.) விட்ட நேரத்தைப் பிடிக்க மாலை வரை ஓடினோம். இரவு படங்களைப் பார்த்தபோது எது எந்த இடம் என்று நால்வருக்கும் தெரியவில்லை. எனக்கும் என் அறைத்தோழிக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது.

மறுநாள் திட்டம் ஹா லோங் விரிகுடா. அங்குதான் நாங்கள் பிரிந்தோம். இருவர் போனார்கள், நானும் அறைத்தோழியும் நகரிலேயே தங்கினோம். ஹா லோங் அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போனவர்கள் கொண்டுவந்த படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால், வேனில் போகவர மட்டும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மூன்று நாளில் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். ஹனோய் சாதாரண ஊரன்று. 1010ஆம் ஆண்டு லீ தாய் தோ என்ற மன்னர் தம் தலைநகரை இங்கு மாற்றி, 'எழும் நாகம்' என்று பொருள்படும் தாங் லோங் என்ற பெயரை வைத்தார். 1802க்குப் பின் அரசவை ஹுவேவுக்குப் போனது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவின் தலைநகரை இங்கு அமைத்தார்கள். 1945 செப்டம்பர் 2ஆம் நாள் பா தின் சதுக்கத்தில் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு ஊருக்கு மூன்று நாளே கொடுத்துவிட்டு, அதிலும் ஒன்றைக் கடலுக்குக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அன்று நாங்கள் போனது ஒரே இடம். வான் மியூ என்னும் இலக்கியக் கோயில். கன்பூசியஸுக்காக 1070இல் எழுப்பப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1076இல், அதனுள்ளேயே அரசக் கல்விக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. முதல் நாள் பட்டியலிலும் இது இருந்தது. முப்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். நாங்கள் இருந்தது நான்கு மணி நேரம்.

காரணம், முந்திய இரவு விடுதியில் படித்த ஒரு செய்தி. அக்கோயிலின் மூன்றாவது முற்றத்தில் 82 கல்வெட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கிறது. 1442 முதல் 1779 வரை நடந்த அரசத் தேர்வுகளில் உயர் பட்டம் பெற்ற ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோரின் பெயரும் ஊரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லாம் சீன எழுத்தில். இன்று வியட்நாமியர் எழுதுவதோ ரோமன் எழுத்தில். அப்படியானால் இந்தக் கல்லை இன்று யார் படிக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியோடுதான் உள்ளே போனோம்.

நாங்கள் போன அன்று பட்டமளிப்பு அங்கி அணிந்த மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள். முன்பு தேர்வுக்கு முன் ஆமைகளின் தலையைத் தடவிவிட்டுப் போவார்களாம். தேய்ந்துவிடும் என்று இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் பேசிய ஒரு மாணவியிடம் கல்வெட்டைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சிரித்தாள். "எனக்குத் தெரியாது. என் தாத்தாவின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்" என்றாள். பிறகு அவளே திருப்பிக் கேட்டாள்: "உங்கள் மொழிக்குத் தனி எழுத்து உண்டா? நீங்கள் படிப்பீர்களா?"

நான் "படிப்பேன்" என்றேன். என் தோழி ஆமையைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள்; என்னைவிட நன்றாகவே பேசுகிறாள். ஆனால் படித்தது தேசியப் பள்ளியில். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பின்தான் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஆறு ஆண்டுதான். மூன்றாண்டு ஒரே அறையில் இருந்தும் நான் ஒருமுறைகூட அவளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. மொழிக்கழக அறிவிப்பை அவள் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள்; படிப்பேன். அவ்வளவுதான்.

அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். எழுத்தை இழந்தவர்கள் மொழியை இழப்பார்கள் என்று நான் பேச்சுப் போட்டி மேடையில் முழங்கியவள். வியட்நாம் அதற்கு ஒத்துவரவில்லை. இயேசு சபைப் பாதிரியார்கள் உருவாக்கிய ரோமன் எழுத்து முறையில், 1651இல் ரோமில் ஓர் அகராதி அச்சானது. பழைய அரசத் தேர்வு 1919இல் நின்றது. 1945க்குப் பின் அந்த எளிய எழுத்தைக் கொண்டுதான் சிற்றூர் மக்களுக்கெல்லாம் எழுதப் படிக்கக் கற்பித்தார்கள். அவர்கள் மொழி சாகவில்லை. அந்த 82 கற்கள் மட்டும் அவர்களுக்கு ஊமையாகிவிட்டன. தமிழுக்கும் இப்படி ஒரு திருப்பம் வந்ததுண்டு. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூல் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. இதைச் சொன்னதும் தோழி கேட்டாள்: "அப்புறம் ஏன்லா நீ எனக்கு எப்பவும் இங்கிலீஷ் எழுத்துல மெசேஜ் அனுப்புற?"

பதில் இல்லை. இன்றும் இல்லை.

அன்று பிற்பகல் இன்னொரு வேடிக்கை. தமிழ்ப்பள்ளியில் 'ங' எழுத்துக்குச் சொல் கேட்டால் ஆசிரியரே திணறுவார். அதில் தொடங்கும் சொல் நமக்கு இல்லை என்றே சொல்லிவிடலாம். வியட்நாமில் மிகப் பரவலான குடும்பப் பெயர் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது: ஙுயென். ஆங்கிலம் பேசுபவர்கள் அதைச் சொல்லப் படும் பாட்டை நாம் பட வேண்டியதில்லை. தோழி முதன்முதலாக எழுதிப் பார்த்த தமிழ் எழுத்து 'அ' அன்று, 'ங'. நுழைவுச்சீட்டின் பின்புறம் எழுதினாள். கோணலாகத்தான் வந்தது.

மூன்றாம் நாள் திட்டமே இல்லாமல் பழைய நகர்ப்பகுதியில் நடந்தோம். அங்குத் தெருப்பெயர்கள் பலவும் 'ஹாங்' என்றுதான் தொடங்கும். சரக்கு என்று பொருள். ஹாங் பாக் வெள்ளித் தெரு, ஹாங் தியெக் தகரத் தெரு. தகரத் தெருவில் இன்றும் சுத்தியல் சத்தம் கேட்கிறது. ஹாங் லுவொக் தெருவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வணிகர்கள் கட்டிய பள்ளிவாசலைப் பார்த்தோம். 1946இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்த முட்டைக் காப்பியைக் குடித்தோம். எனக்குப் பிடிக்கவில்லை, தோழி இரண்டு குவளை குடித்தாள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'போ' என்று எழுதியதையெல்லாம் நம்பிவிட வேண்டாம். 'போ கா' என்றால் கோழி சூப் மீ, 'போ போ' என்றால் மாடு. சைவத்திற்கு 'சாய்' என்று கேட்க வேண்டும்.

நினைவிடத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. 2010இல் உலக மரபுச் சின்னமான தாங் லோங் கோட்டையையும் பார்க்கவில்லை. கோட்டையை விட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த விடுமுறைக்கு யோக்யகார்த்தா போகலாம் என்று நால்வரும் பேசிக் கொண்டிருக்கிறோம். இம்முறை பட்டியலை வேறொருவர் போட்டிருக்கிறார். இரண்டரை நாளுக்குப் பதினொன்று. நான் எட்டை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தோழி என் பக்கம். மற்ற இருவரும் எங்களுடன் இன்னும் சரியாகப் பேசவில்லை.