உறவைச் சோதனைக் குழாய் தீர்மானிக்குமா?

சென்ற பள்ளி விடுமுறையில் நானும் தமிழகத்திலுள்ள என் உறவினர் ஒருவரும் மரபணுச் சோதனை செய்துகொண்டோம். கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர் என் கொள்ளுத்தாத்தா. ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் கொள்ளுப்பேரன் அந்த உறவினர். முடிவில் எங்கள் இருவருக்கும் பொதுவான பகுதி எதுவும் தென்படவில்லை. "அப்படியானால் நாம் சொந்தமே இல்லையா?" என்று அம்மா கலங்கிப்போனார்.

கலங்கத் தேவையில்லை. பிள்ளை தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் பெறுகிறது. எந்தப் பாதி என்பது சீட்டுக்கட்டைக் கலைத்துப் பங்கிடுவது போன்றது. எனவே, உடன்பிறந்தோர் சராசரியாக 50 விழுக்காடும், அண்ணன் தம்பியரின் பிள்ளைகள் தம்முள் 12.5 விழுக்காடும், பேரப்பிள்ளைகள் ஏறத்தாழ 3 விழுக்காடும் பகிர்ந்துகொள்கின்றனர். கொள்ளுப்பேரர்களுள் சுமார் பத்து இணைகளில் ஒன்றுக்குப் பொதுவாக எதுவுமே தென்படாமல் போகலாம். எங்கள் நிலை அதுவாக இருக்கலாம். மாறாக, அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள்ளேயே மணம் முடித்து வந்த குடும்பங்களில் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போல் காட்டும்.

சோதனையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அது தரும் எண்ணை மட்டும் நம்பி உறவை அளக்கலாகாது.

வகுப்பில் 'குடும்ப மரம்' வரையச் சொன்னால் என் மாணவர்கள் பலர் தாத்தாவோடு நின்றுவிடுகின்றனர். கொள்ளுத்தாத்தாவின் பெயரை உமிழ்நீர் சொல்லாது, பாட்டி சொல்வார். பெற்றோரே, அவர் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்தி, கேட்டு எழுதி வைக்கச் செய்யுங்கள்.