ஃபார்மட் அடிக்கும் முன்னால்

ஆவுடையார்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "ஆன் ஆகலை" என்று ஒரு லேப்டாப் வந்ததுமே ஃபார்மட் அடித்துவிடும் பழக்கத்தை எங்கள் தொழிலில் நிறுத்தியாக வேண்டும்.

மீமிசல் பக்கத்து அம்மா ஒருவர், மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தது அது. பல வீடுகளில் இன்றும் அந்த லேப்டாப்தான் ஒரே கம்ப்யூட்டர். வேறொரு கடையில், "விண்டோஸ் போயிருச்சு, ஃபைல் எதுவும் மிஞ்சாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸுக்குள் நான் போய்ப் பார்த்தேன். தேதி பல வருஷம் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பழைய மாடல்களில் அது தீர்ந்தால் பூட் செட்டிங்கும் மாறிப்போகும்; ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் ஏறாது. பேட்டரியை மாற்றி, செட்டிங்கைச் சரிசெய்தேன். அந்தப் பெண்ணின் கல்லூரி புராஜெக்ட், தாத்தாவின் கடைசிப் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஃபார்மட் அடித்திருந்தால்?

ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாக நின்றால் முதலில் ரேமைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் அதன் முனை கறுத்துவிடும்; பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டாலே பல தடவை வேலை செய்யும். இதற்கும் ஃபார்மட்டுக்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஃபார்மட் அடிக்காமலே, சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்ததும் அவை எழுந்தன.

நிஜமாகவே விண்டோஸ் கெட்டுப்போயிருந்தாலும், லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் இருப்பதும் போய்விடும். புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை இன்றே தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்தால் பிட்லாக்கர் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லாமல் எங்களால் உள்ளே போக முடியாது.

'ஃபைல்களை எடுத்தாகிவிட்டது' என்ற வரியும் அதன் கீழே கஸ்டமர் கையெழுத்தும் என் கடை ரசீதில் உண்டு. அந்தக் கையெழுத்து விழும்வரை நான் டிஸ்க்கை அழிப்பதில்லை. அறந்தாங்கி, மணமேல்குடிக் கடைக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். ரசீதில் அந்த வரி இல்லாத கடையில், லேப்டாப்பைக் கொடுக்கும்போதே 'ஃபைல்களை எடுக்காமல் அழிக்க மாட்டோம்' என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.