தந்தி எங்கே முடிகிறது? ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் தலையமைப்பும் ஒரு தவறான நம்பிக்கையும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் நிக்கோபார்த் தீவுகள் குறித்து நிக்கோலாஸ் ஃபொண்டானா எழுதிய கட்டுரையில் ஓர் இசைக்கருவி இடம்பெறுகிறது. ஏறக்குறைய இரண்டரை அடி நீள மூங்கில். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிரம்பு நாரால் ஆன தந்தி. தந்தி மூங்கிலில் படாதிருக்க அடியில் சிறு குடைவு. கிட்டாரைப் போல் மீட்டப்படும் கருவி என்று அவர் அதை அறிமுகப்படுத்துகிறார். அவர் தரும் விவரத்தில் தலைப்பகுதியும் இல்லை, முறுக்காணியும் இல்லை. தந்தி எங்கே முடிகிறது என்ற ஐயத்திற்கு அங்கு இடமே இல்லை.

ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் அந்த ஐயமே பெரும் வாதமாகிவிட்டது. அதன் முறுக்காணிகள் பொதுவாக மூன்று முறைகளில் அமைகின்றன. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் வழியில் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்பது ஒன்று. 1976இன் மியூசிக் மேன் ஸ்டிங்ரே மூன்றும் ஒன்றுமாகப் பிரித்ததை ஒட்டி, அதன் ஐந்து தந்தி வடிவம் ஏற்ற நான்கும் ஒன்றும் மற்றொன்று. இருபுறமும் மூன்றும் இரண்டுமாகப் பிரிப்பது இன்னொன்று.

தடித்த பி தந்தி தளர்ந்து ஒலிப்பதே ஐந்து தந்திக் கருவியின் நீண்டகாலக் குறை. முறுக்காணி தொலைவில் இருந்தால் அத்தந்தி இறுகும் என்ற நம்பிக்கை வாசிப்போரிடையே வேரூன்றியுள்ளது. வழக்கமான ஒருபக்க வரிசையில் பி தந்தியின் ஆணியே நட்டுக்கு மிக அருகில் நிற்கும். ஆகவே வரிசையைத் தலைகீழாக்கிய கருவியே சிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு.

இது இயற்பியலுக்கு முரணானது. தந்தியின் இழுவிசையை நிர்ணயிப்பவை மூன்றே: குதிரைக்கும் நட்டுக்கும் இடைப்பட்ட நீளம், ஓர் அலகு நீளத்தின் நிறை, அதிர்வெண். நட்டுக்கு அப்பாலுள்ள நீளத்திற்கு இக்கணக்கில் இடமில்லை. ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41.2 ஹெர்ட்ஸ், பி தந்தியினுடையது 30.9 ஹெர்ட்ஸ். பரவலாகப் பயன்படும் 0.105, 0.130 அங்குலத் தந்திகளை எடுத்து, நிறை தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறுவதாகக் கொண்டால், பி தந்தியின் இழுவிசை ஈ தந்தியினுடையதைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறையும். தளர்ச்சியின் வேர் இதுவே. ஒலிக்கும் நீளத்தை 34 அங்குலத்திலிருந்து 35 ஆக்கினால் இழுவிசை 6 விழுக்காடு கூடும். தடித்த தந்தியும் துணைசெய்யும். தலைப்பகுதியை எவ்வளவு நீட்டினாலும் இப்பயன் கிட்டாது. நட்டின் பள்ளத்தில் தந்தி வழுக்குமாயின், அப்பாலுள்ள மிகைநீளம் வளைக்கும் விரலுக்கு நெகிழ்வையே கூட்டும். நம்பிக்கை சொல்வதற்கு நேரெதிரான விளைவு இது.

ஆணியின் இடம் ஒலிக்கும் நீளத்தோடு உண்மையாகவே பிணைந்திருக்கும் கருவி தமிழகத்திலேயே உண்டு. தஞ்சை வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளுக்கான பிரடைகள் தலைப்பக்கத்தில் இருபுறமும் இரண்டிரண்டாக அமைகின்றன. மூன்று தாளத் தந்திகளின் பிரடைகளோ தண்டியின் பக்கவாட்டில் படிப்படியாக நிற்கின்றன. அதற்கேற்ப அத்தந்திகளின் நீளமும் வேறுபடுகிறது. அங்கே ஆணியின் இடம் சுருதிக்கான தீர்மானம். பேஸ் கிட்டாரில் அத்தீர்மானத்தை நட்டே எடுத்துவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கற்பிக்காத இசைக்கருவியியல் வெறும் பெயர்ப்பட்டியலாகவே எஞ்சும்.

அப்படியானால் தலையமைப்பு பொருட்டல்லவா? பொருட்டே, காரணங்கள்தாம் வேறு. முதலாவது எடை. ஐந்து உலோக ஆணிகள் நீண்ட கழுத்தின் கடைசியில் நெம்புகோலின் முனைச்சுமையாகத் தொங்குகின்றன. தலை நீள நீளக் கழுத்து தரையை நோக்கிச் சாயும். அதைத் தாங்குவது வாசிப்பவரின் இடத்தோளும் இடக்கையும். நான்கும் ஒன்றுமான குறுந்தலையின் உண்மையான ஆதாயம் இங்கேதான். 1980களில் பரவிய ஸ்டைன்பெர்கர் கருவி தலையையே நீக்கி, ஆணிகளை உடலின் பக்கம் மாற்றியதும் இச்சமநிலைக்கு உதவியது. இரண்டாவது, நட்டைக் கடந்த தந்தி வளையாமல் நேராக ஆணியைச் சேர்கிறதா என்பது. பக்கவாட்டில் வளைந்தால் தந்தி பள்ளத்தில் சிக்கும், சுருதி நிலைக்காது.

மூன்றாவது தட்பவெப்பம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் ஈரமும் உப்புக்காற்றும் மரக்கழுத்தை அசைக்கும். மூடியில்லாத பல்சக்கர ஆணியை அரிக்கும். தீவில் கருவி வாங்கும் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி ஆணிகள் எத்தனை எந்தப் பக்கம் என்பதன்று. அவை மூடப்பட்டவையா, எடை குறைந்தவையா, உள்ளூரில் மாற்றக் கிடைக்குமா என்பதே.

இதைச் சரிபார்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒலிக்கும் நீளம் ஒத்து, தலையமைப்பு மட்டும் வேறுபட்ட இரு கருவிகளில் ஒரே வகைத் தந்தியை ஒரே சுருதியில் பூட்டி, பன்னிரண்டாம் மெட்டருகே ஒரே சிறு எடையைத் தொங்கவிட்டுத் தாழ்வை அளந்தால் போதும். போர்ட் பிளேர் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியின் இயற்பியல் மாணவரும் தமிழக இசைக்கல்லூரி மாணவரும் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய சோதனை இது. அளக்கக்கூடியதை அளக்காமல் செவிவழி நம்பிக்கைக்கு விட்டுவிடும் துறை, மாணவரின் பணத்தையும் தோளையும் சேர்த்தே பணயம் வைக்கிறது.